மூவாயிரத்துக்கு மேல் போகக்கூடாது

பெர்கமோவில் மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை
பொர்த்தோலோ தொலைபேசியில் சொன்ன முதல் தொகை
ஐயாயிரத்து எண்ணூறு யூரோ.
மருந்துக்கடை ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.
எர்மானோ எட்டிப் பார்க்கவில்லை.
காபிக் குவளையைக் கழுவிக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே கழுவிய குவளை.

அறுபத்தொன்பதாம் வருடத்து ஆல்ஃபா.
எண்ணெயை ஊறுகாய்போலத் தொட்டுக்கொள்ள வேண்டிய எஞ்சின்
சோறுபோல அள்ளித் தின்றது.
மேடேறும்போதெல்லாம் பின்னால் நீலப்புகை.
என் தங்கை ஆதெலாய்தே ஒருமுறை
எங்களைப் பின்தொடர்ந்து வந்துவிட்டு
கம்பளிச் சட்டையை இரண்டுமுறை துவைத்தாள்.

நான் நகராட்சியில் வரிக்கணக்குப் பார்ப்பவள்.
தொகைகள் என்னைப் பயமுறுத்துவதில்லை;
தொகைகள் வளரும் விதம் பயமுறுத்தும்.
மூடியைத் திறந்தார்கள்.
இரண்டு வால்வுகளுக்கு நடுவே
மயிரிழை அகலத்தில் ஒரு வெடிப்பு:
ஆயிரத்து நூறு.
கிராங்க் தண்டைக் கால் மில்லிமீட்டர் சீவ
நானூற்று அறுபது.
இரும்பைச் சேர்ப்பதற்கல்ல,
எடுத்துப் போடுவதற்கு.
மூன்று யூரோ நாற்பது காசுக்கு ஒரு ரப்பர் வளையம்
ஜெர்மனியிலிருந்து வந்து சேர பத்தொன்பது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

விற்றுவிடலாம் என்றேன்.
பிரெஷாவிலிருந்து ஒருவர் வந்தார்,
கையுறை போட்டிருந்தார்,
ஓடாத வண்டிக்கு ஒன்பதாயிரம் தருவதாகச் சொன்னார்.
எர்மானோ அவருக்குக் காபி கொடுத்தான்
சர்க்கரை கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நானே பட்டறைக்குப் போனேன்,
போதும், அப்படியே மூடிக் கொடுங்கள் என்று சொல்ல.
மூடிக் கொடுக்கத் தொள்ளாயிரம் என்றார் பொர்த்தோலோ.
செத்ததைச் செத்தபடியே தைத்துத் தர!
அவர் சிரிக்கவில்லை.
அழுக்குத் துணியில் எதையோ சுற்றி
என் பக்கம் நகர்த்தினார்.

ஓர் அலுமினியத் துண்டு, விரல்நீளம்.
ஒரு பக்கம் பச்சை வண்ணம், அறுந்துபோன பாதி எழுத்து.
முன்பு எப்போதோ, எங்கேயோ,
ஏதோ ஒரு சனிக்கிழமை மாலையில்
யாரோ பீர் டப்பாவைக் கத்தரித்து
தளர்ந்த பேரிங்குக்கு அடியில் செருகியிருக்கிறார்.
குற்றம், என்றார் பொர்த்தோலோ.
பிறகு குரலைத் தாழ்த்தி,
ஆனால் ஓடியிருக்கிறதே.

வீடு வரும்வரை அதைக் கணக்குப் போட்டேன்.
அந்த மனிதருக்கு ஆன செலவு ஒரு பீர்,
அதையும் குடித்திருப்பார்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டது நான்தான்.
எர்மானோ அல்ல.
காரணம் கேட்டான், சொல்லவில்லை,
எனக்கே சரியாகத் தெரிந்தால்தானே.
குளியலறைத் தளத்துக்கு ஒதுக்கிய பணம் போயிற்று.
உடைந்த ஓட்டின்மேல் இன்னும்
ஒரு வாளி நிற்கிறது, மிதிக்காமலிருக்க.

கடைசித் தொகை பதினோராயிரத்து இருநூற்று நாற்பது.
சாவியோடு ஒரு சீட்டும் கொடுத்தார்:
முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு
முள் மூவாயிரத்தைத் தாண்டக்கூடாது.

ஆக, வேகத்துக்கென்று பிறந்த வண்டியில்
ஞாயிற்றுக்கிழமை செரியோ ஆற்றோரம்
ஊர்ந்துகொண்டிருக்கிறோம்.
ஒரு டிராக்டர் எங்களுக்கு முன்னால்,
அதில் ஒரு நாய் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.
மொபெட்டில் ஒரு பெண்
ஹாரன்கூட அடிக்காமல் கடந்து போகிறாள்.
ஓட்டுவது நான்.
எர்மானோ முள்ளையே பார்க்கிறான்,
பாலடுப்பைப் பார்ப்பதுபோல.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், என்கிறான்.
தெரியும், என்கிறேன்.

பின்கண்ணாடியில் புகை இல்லை.
முதன்முறையாக
பின்னால் வருகிறவரின் முகம் தெளிவாகத் தெரிகிறது.
எங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.