நான்கும் இருபதும்

ஹேர்க்கிங்கன் பொதி நிலையத்தில்
பகல் முழுக்க ஒரு சிவப்புப் புள்ளியைப் பிடித்திருப்பேன்.
பட்டைக்கோடு, பீப், அடுத்தது.
பட்டைக்கோடு, பீப், அடுத்தது.
இரவில் ஓல்ட்டனில், மூன்றாம் மாடியில்,
இன்னொரு சிவப்புப் புள்ளி. அதைப் பிடித்திருப்பது நானில்லை.

லடீனா.
அவள் முகம் எனக்குத் தெரியாது.
இந்த ஆட்டத்தில் துப்பாக்கியையும் தூரமானியையும்
ஒரே ஆள் ஒன்றாக ஏந்த முடியாது;
தூரமானி கட்டுத்துணியின் இடத்தையும் தின்றுவிடும்.
ஆகவே அவள் காயத்தோடு அலைந்து அளக்கிறாள்.
நான் புல்லில் குப்புறக் கிடந்து
எட்டு மடங்கு ஸ்கோப்புக்குள்
ஒற்றைக் கண்ணாய்ச் சுருங்குகிறேன்.

ஜெர்மன் மொழி எண்ணை வாலில் பிடித்துத் தூக்கும்.
"முந்நூற்று நான்கும் இருபதும்" என்பாள்.
முதல் மாதம் அது என் காதில் நாற்பத்திரண்டாக விழுந்தது.
முந்நூற்று நாற்பத்திரண்டுக்கு உயர்த்திச் சுட்டேன்.
குண்டு அவன் தலைக்கவசத்துக்கு மேலாகப் போய்
ஒரு தண்ணீர்த் தொட்டியில் டங் என்றது.
அவன் திரும்பினான்.
அன்றைக்கு நாங்கள் அவ்வளவுதான்.

இப்போது தவறுவதில்லை.
இருநூறுக்குப் பூச்சியம் வைத்த ஸ்கோப்,
கீழே புள்ளிக்குப் புள்ளி நூறு மீட்டர்ச் சரிவு,
ஓடுகிறவனென்றால் அவன் மூக்குக்கு முன்னால்
ஒரு தோளகல வெறுமையைச் சுட வேண்டும்.
மூச்சை அடக்க ஒரு பொத்தான் உண்டு.
அதை அழுத்தும்போது என் சொந்த மூச்சும் நிற்கிறது,
எந்தப் பொத்தானும் அதைக் கேட்காமலே.

போன சனிக்கிழமை, மாலை ஏழு.
கருவாடு பொரித்த மணம் போகட்டுமென்று
யன்னலைத் திறந்து வைத்திருந்தேன்.
ஹெட்செட்டுக்குள் ஒரு மணி அடித்தது.
ஆட்டத்தின் வரைபடத்திலும் ஒரு தேவாலயம் உண்டு,
அதன் மணிக்கு நாக்கு இல்லை.
பிறகு யன்னல் வழியாக அதே மணி.
அதே கரகரப்பு,
மூன்றாம் அடியில் அதே தடுமாற்றம்.

ஒன்று. இரண்டு. இரண்டரை.
ஒலி விநாடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் ஓடும்.
எண்ணூற்றைம்பது.
என் யன்னலிலிருந்து கோபுரம் தொள்ளாயிரம்.
அப்படியானால் ஆரே ஆற்றைத் தாண்டி,
கூரை போட்ட மரப்பாலத்தைத் தாண்டி,
கோபுரத்தைச் சுற்றி ஐம்பது மீட்டருக்குள் அவள்;
வலைத் தாமதத்தைச் சேர்த்தால் இன்னும் கிட்ட.

பெயரை வைத்து இரண்டு வருடம் அவளை
கிராவுபுண்டனில் ஏதோவொரு மலைக்கு மேல் குடிவைத்திருந்தேன்.
பனி கூடப் போட்டிருந்தேன்.
அவளுடைய எந்தப் பொதியை நான்
பீப் செய்து அனுப்பினேனோ.

"ஏன் பேச்சில்லை?"
"காற்று," என்றேன். "காற்றைக் கணக்குப் பார்க்கிறேன்."
"இந்த ஆட்டத்தில் காற்றே இல்லையே."

அவள் எதையோ மென்று விழுங்கினாள்.
"மணிதானே? உன் பக்கம் அது எப்போதும் பிந்தித்தான் அடிக்கும்.
ஒக்டோபரிலிருந்து எனக்குத் தெரியும்.
தொள்ளாயிரம், கொஞ்சம் கூடக்குறைய.
ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.
சரியா?"

ஸ்கோப்பின் கண்ணாடி வெயில் பட்டு மின்னும்,
பார்க்கிறவனையே காட்டிக்கொடுக்கும்.
இது எல்லோருக்கும் தெரிந்த விதி.
ஆனாலும் ஏனோ எழுந்து
மேசைவிளக்கை அணைத்தேன்.

"சொல்லியிருக்கலாமே."
"நீ கேட்கவில்லை. நீ கேட்பதெல்லாம் அவன்களுடைய தூரம்."

பள்ளத்தில் ஒருவன் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.
"முந்நூற்று எட்டும் எழுபதும்," அவள் தொடங்கினாள்.
நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னாலிருந்து யாரோ
வேட்டைத் துப்பாக்கியால் இரண்டு பேரையும் முடித்தான்.
திரை கறுத்துச் சொன்னது:
தூரம், ஆறு மீட்டர்.

அவள் வெடித்துச் சிரித்தாள்.
ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு
யன்னலோரம் நின்றேன்,
இரண்டரை விநாடி,
அந்தச் சிரிப்பு வந்துசேர்கிறதா என்று.