வியாழக்கிழமை

ஓக்லஹோமா கோதுமைக்கு நடுவே
கால் மைல் தார்ச்சாலை.
ராய்ஸ் ஓட்டுவான்.
காரின் வாலில் பாராசூட்டை மடித்து வைப்பவள் லவோன்.
துணி கசங்கலாம்,
கயிறு மட்டும் புரளக் கூடாது.

பச்சை விளக்கு.
ஏழே நொடி.
காதைப் பொத்தக் கை போவதற்குள்
கோடு தாண்டிவிட்டான்.
எல்லோரும் பலகையில் எண்ணைப் பார்க்க
அவள் துணியைப் பார்க்கிறாள்.

விரியவில்லை.
விரி. விரியேன்.

சாலை முடிந்தது. மணல் எழுந்தது.
கடைசி வலை காரை மீன்போல் பிடித்து நிறுத்தியது.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கேட்டான்:
"டைம் எவ்வளவு?"

பதில் சொல்லாமல் மண்டியிட்டாள்.
பைக்குள் கைவிட்டு
விரற்கடை விரற்கடையாகக் கயிற்றைத் தடவினாள்.
ஒரு முறுக்கு.

காலையில் பல் டாக்டரிடமிருந்து போன் வந்ததே,
"வியாழக்கிழமை சரிதான்" என்று
சொன்ன இடம்.