சுருங்கிய விரிசல்

தொண்ணூற்றெட்டில் பதினொரு மில்லிமீட்டர்.
இரண்டாயிரத்தில் பதினான்கு.
அதற்கடுத்த தாளில் பன்னிரண்டு.

இரும்பு தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்வதில்லை.
மாறியது கண்.

பென்சில்வேனியாவின் பனிக்காலம்.
சாலையில் தூவிய உப்பு உருகி
மூட்டுவழியே இறங்கித் தாங்கியைத் தின்கிறது,
மேலே ஏழேகாலுக்குப் பள்ளிப் பேருந்து.

மார்லா ஹ்ரபோவ்ஸ்கி
சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டவள்.
பொள்ளென்று ஒலித்த இடமெல்லாம் மஞ்சள் சாக்கட்டி வட்டம்.
ஆறு பெறவேண்டிய உத்தரத்துக்கு
ஐந்துதான் போடுவாள், எந்த வருடமும்.
வெர்னன் டீட்ஸ் தாராளக்காரர்.
முழங்கால் வலி.
படகில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்து
ஏழு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இருவரையும் சமன்பாட்டுக்குள் உட்கார வைக்கிறேன்.
அவள் கண்டிப்புக்குக் கொஞ்சம் கூட்டி
அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் கழித்து.
மிஞ்சுவது ஒரு வளைகோடு.
விழும் என்று சொல்லாது, விழாது என்றும் சொல்லாது,
ஆயிரத்தில் இத்தனை என்று முனகும்.
கூட்டத்தில் கேட்டார்கள்:
ஆமாவா, இல்லையா?

பழைய தாளொன்றின் ஓரத்தில்
மார்லாவின் பென்சில் எழுத்து:
'லாரி போகையில் மூன்றாம் தூணருகே வேறு சத்தம்.'
எந்த வேறு என்று எழுதவில்லை.
தட்டச்சு செய்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள்,
சத்தத்துக்குக் கட்டம் இல்லை.

இன்று விடியலில்
மூன்றாம் தூணருகே நிற்கிறேன்,
தொப்பியைக் காதுக்கு மேல் ஏற்றிவிட்டு.
தூரத்தில் பேருந்தின் மஞ்சள் விளக்கு.

எனக்குக் கேட்கப்போவது
அவள் கேட்டதேதானா?
என் காதுக்கு எவ்வளவு கழிப்பது?