ம விழாத நாள்

பகலில் நான். இரவில் செங்கோடன்.
அம்மாபேட்டை மெயின் ரோட்டில்
துளசிராம் அண்ணன் பிரிண்டிங் கடையில்
எங்கள் இருவருக்கும்
ஒரே நாற்காலி, ஒரே விசைப்பலகை.
நான் படித்தது தமிழ்99.
அவருக்குக் கையில் ஊறியது பாமினி.
இரண்டிலும் வருவது தமிழ்தான்.
விரல்களுக்கு அது தெரியாது.

அவர் கிளம்பும்போது மாற்றிவிட்டுப் போகமாட்டார்.
காலையில் திரையைப் பார்க்காமல்
அம்மா என்று அடிப்பேன்
யமமங என்று விழும்.
கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஒருமுறை.
எதிரில் மகன்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.
அன்று சாயங்காலம் நானும் மாற்றாமல் கிளம்பினேன்.
அவருடைய அம்மா
ரமநமக என்று விழுந்திருக்கிறாள்.
"பரவாயில்லை, மந்திரம் போல இருக்கிறது"
மானிட்டரில் மஞ்சள் சீட்டு.
அவரை எனக்கு அந்தக் கையெழுத்தாக மட்டும்தான் தெரியும்.

விசைகள் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்.
உரித்தேன்.
மிச்சப் பசையில் தூசி படிந்து
எழுத்து எதுவும் தெரியாமல் போனது,
இருவருக்கும்.

"பத்து வருஷத்து ஃபைல் பாமினியில கெடக்குது"
என்பார் அண்ணன் திங்கட்கிழமை.
"ஆபீஸ்ல யூனிகோடுதான் கேக்கறாங்க"
என்பார் புதன்கிழமை.
வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ்,
பேப்பர் ஏஜெண்டிடம் தெலுங்கு.
எந்த வழியில் வந்தாலும்
பில் வந்தால் சரி அவருக்கு.

ஆடி.
கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின வியாழன்.
கூழ் ஊற்றும் நோட்டீஸ் நாற்பது,
பிளெக்ஸ் பன்னிரண்டு பாக்கி.
ம விழவில்லை.
அம்மா, அஆ ஆனாள்.
மாரியம்மன்,
எண்ணிப் பார்த்தேன், சரியாக
ஆரியன்.
கோட்டை ஆரியன் பண்டிகை!
இந்த ஊரில் அதை ஒட்டினால்
பசை காய்வதற்குள் ஷட்டரில் கல் விழும்.

செங்கோடனுக்கு முதல்முறையாகப் போன் செய்தேன்.
தூக்கக் குரல்.
"எனக்கும் நேத்து ராத்திரி ம இல்லீங்க."
"உங்க ம எது?"
"நடு வரிசை, வலது கை நடு விரல்."
"எனக்கும்."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
ஒவ்வொரு விசையாகச் சொல்லிப் பார்த்தோம்.
ஒத்துப்போனது அது ஒன்றுதான்.
இன்னொன்று கிட்டத்தில் வந்தது:
அவருக்கு ஒ, எனக்கு ஓ.
அளவில் தகராறு.

ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார்,
கையெழுத்தைவிடக் குள்ளமான ஆள்.
ம-வை நெம்பினார்.
உள்ளே தட்டுவடைத் துணுக்கு,
காய்ந்த பீட்ரூட் இழை.
இரவு டிபன் யாருடையது என்று நான் கேட்கவில்லை.
அதைச் சுற்றி நீளமாக ஒரு தலைமுடி.
அவரும் கேட்கவில்லை.

கவுண்டரில் காத்திருந்த பையன் அதற்குள்
போனை வாய்க்கருகே வைத்துப் பேசினான்.
மேட்டர் முழுக்கத் திரையில் எழுந்து நின்றது,
விரல் படாமல்.
"அனுப்பட்டுமாக்கா?"
இருவரும் குனிந்து படித்தோம்.
சேர்வராயன் மலை இருந்த இடத்தில்
சேவல் ராயன் மலை.
சிரித்தோம்.
ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.
அடுத்த ஆடிக்குள் அது திருத்திக்கொள்ளும்.

மூடியை அழுத்தி மாட்டி
சோதனைக்கு இரண்டு தட்டுத் தட்டினார்.
ம்ம
என்றது திரை.
"நான் புள்ளி வைக்கலியே?"
"என் பலகையில இருக்குது. தானா வெச்சுக்கும்."
"தானாவா?"
யாரோ கேட்காமல் தன் சட்டைக்குப்
பித்தான் போட்டுவிட்டதுபோல்
என்னைப் பார்த்தார்.

"அதை அழிச்சுட்டு வேலையப் பாருங்கப்பா"
என்றார் அண்ணன் உள்ளேயிருந்து.
அழிக்கும் விசைக்கு
இரண்டு கைகள் நீண்டன.