மூன்று கண்ணி

விஜிலாவின் கணக்கில் பதினேழு.
உள்ளது இருபத்து மூன்று.
ஹெல்மெட் பஞ்சுக்கு அடியில் ஒன்று,
ஸ்கூட்டர் டிக்கியில், வண்டி துடைக்கும் துணிக்குள் ஒன்று,
மீதி நாலும்
திங்கள்சந்தை கூட்டுறவு வங்கியில்
என் மேசையின் கீழ் இழுப்பறையில்,
மீட்கப்பட்ட நகைகளின் ரசீதுகளுக்கு அடியில்.
இனி வாங்கமாட்டேன் என்று
பைபிளில் கைவைத்தது பதினொன்றாவதுக்கு.

வீடு உறங்கிய பிறகு
ஒவ்வொன்றாகக் காதில் வைப்பேன்.
ஜனதா, அரிசி கொறிக்கும் எலி.
ரோமர், கோபத்தை அடக்கிக்கொண்ட டீச்சர்.
பெயர் அழிந்த ஒன்று
மூன்று துடிப்புக்கு ஒருமுறை யோசிக்கும்.
எல்லாம் வேறுவேறு நேரம் காட்டும்,
திருத்துவதில்லை.
நேரம் பார்க்க செல்போன் இருக்கிறது.

கொடிமுனை சூசைமிக்கேல்
நகைக்கடன் புதுக்க வந்தார்.
கையெழுத்துக்கு முழங்கை ஊன்றியபோது
சட்டைக்கை விலகி
நீல டயல் சீக்கோ ஃபைவ்.
குவைத்தில் முதல் சம்பளத்தில் வாங்கியதாம்.
கிழமை அரபியில்.
அன்று அவருக்கு வட்டியைத் தப்பாகக் கூட்டினேன்.

இரண்டு வருஷம், மாதம் ஒருமுறை போனேன்.
சாயா தருவார்.
வறுத்த நெத்திலி தருவார்.
விலை சொன்னால் மட்டும்
கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்.
"நான் செத்தா எடுத்துக்கிடும் ஓய்"
என்று சிரிப்பார்.
நானும் சிரிப்பேன்.
சிரித்தபடியே
அவர் இருமலைக் கவனித்தேன்.

மூத்தவன் தோஹாவிலிருந்து வர இரண்டு நாள்.
ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார்,
கையில் அது.
சாவி கொடுக்கிற இனமல்ல,
கை வீசினால் ஓடும்.
நாலு பத்துக்கு நின்றிருந்தது.
பெட்டியின் கண்ணாடியில் பனி கட்டியிருந்தது,
கைக்குட்டையால் துடைத்தேன்.
முகம் பார்க்கத் துடைக்கிறேன் என்று
அவர் தங்கை வாய்விட்டு அழுதாள்.
நான் துடைத்தது
மணிக்கட்டுக்கு நேராக.

யாரும் கழற்றவில்லை.
கழற்றலாமே என்று சொல்ல
எனக்கு அங்கே என்ன உறவு?
தூக்கப் போனேன்.
ஆறு பேர். இடது பக்கம் நடுவில் நான்.
கடற்கரைத் தெருவிலிருந்து கோயில் மேடு வரை
மணலில் கால் புதைந்து பெட்டி ஆடியது.
"பைய... பைய..." என்றார்கள் பின்னாலிருந்து.
நான் பைய நடக்கவில்லை.

கடைசி முத்தத்துக்கு மூடியைத் திறந்தார்கள்.
குனிந்தேன்.
நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆலய மணிக்கு பதினொன்றேகால்,
அவருக்கு நாலு பதினெட்டு.
நெற்றியில் முத்தமிட்டேன், சில்லென்று இருந்தது.
அடுத்து நின்றவர்
என் தோளைத் தொட்டு நகர்த்த வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
இத்தனை நிமிட ஆட்டத்துக்கு
இத்தனை சுற்று, இத்தனை மணி நேரம்.
விடியற்காலை மூன்றைத் தாண்டாது.
மூன்று வரை விழித்திருந்தேன்.
"என்னவாக்கும்?" என்றாள் விஜிலா.
"பேங்க் கணக்கு."
மூன்றேகாலுக்குத் திரும்பிப் படுத்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து
திரேசம்மாள் ஒரு தைல டப்பாவை நீட்டினாள்.
"இத ஒமக்குக் குடுக்கச் சொன்னாவ."
உள்ளே மூன்று எஃகுக் கண்ணி.
உடம்பு வற்ற வற்ற
செயினிலிருந்து கழற்றி வைத்தவை.
ஒன்று நன்றாகத் தேய்ந்திருந்தது,
மற்ற இரண்டிலும் அவ்வளவு இல்லை.
டப்பாவோடு கைகூப்பினேன்,
அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

இரணியல் வளைவில் வண்டியை ஓரம் கட்டி
வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
ஓரம் வழவழப்பு, நடுவில் இரட்டைக் கோடு.
எழுபத்தொன்று, இல்லை எழுபத்திரண்டு.
குலசேகரத்தில் ஒரு ரப்பர் தோட்டக்காரர் கையில்
இதே செயின் கிடப்பதாகக் கேள்வி.
அவருக்குப் பெரிய கை,
செயின் இறுக்குகிறதாம்.

நாளை ஞாயிறு.
விஜிலா பிள்ளைகளோடு சர்ச்சுக்குப் போவாள்.
எனக்குக் காலையில்
காய்ச்சல் வரும்.