இரவல் மிதிவண்டி

அந்தப் பச்சை மிதிவண்டி எங்களுடையதே அல்ல.
தபால்காரர் ப்ரெங்கிடம் ஒரு மணி நேரத்துக்கு
இரவல் வாங்கி வேலியில் சாய்த்தோம்.
முன்சக்கரத்தில் காற்று இல்லை.
படத்தில் அதெல்லாம் தெரியாது என்றாள் எல்வானா.

ஷ்கோத்ராவிலிருந்து வந்திருந்தாள்,
இரண்டு கேமராவும் ஒரு குடை விளக்குமாக.
டீசல் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னாள்,
சத்தம் விழுமாம்.
அந்தப் பதினைந்து நிமிடம்தான்
எங்கள் விடுதி பசுமையாக இருந்தது.

தக்காளிச் செடியருகே ம்ரிகா சிரித்தாள்.
பிளாஸ்டிக் புட்டிகளை நான்
காலால் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
காணொளியின் கீழே ஒரு வரி:
'மலைக்கு வலிக்காமல் வாருங்கள்.'

பனி உருகி முடிவதற்குள்
நாற்பதாயிரம் சிவப்பு இதயங்கள்.
ஜூனில் ஆட்கள்.

முதலாமவர் உட்ரெக்டில் பல் வைத்தியர்.
விமானம் வேண்டாமென்று
ரயிலிலும் படகிலுமாக நான்கு நாள் வந்தவர்
முதுகுப்பையை இறக்குமுன் கேட்டார்:
மிதிவண்டி எங்கே?
பழுது பார்க்கப் போயிருக்கிறது என்றேன்.
அடுத்த வாரம் லியோனிலிருந்து ஒரு தம்பதி.
மிதிவண்டி எங்கே?
ஒரு மிதிவண்டி எத்தனை நாள்தான்
பழுதாகவே இருக்கும்?
ஜூலையில் இறங்கிப் போய்
நாலு வாங்கினேன். பழையவை. கடனுக்கு.

அதோடு விடவில்லை.
வெந்நீர் எதில் காய்கிறது,
குப்பை எங்கே போகிறது என்று
ஒன்பது வயதுப் பெண்ணொருத்தி
என் பின்னாலேயே வந்தாள்.
எங்கே போகிறதென்று எனக்குத் தெரியும்,
ஆற்றுக்கும் தெரியும்.
அன்றிரவு ம்ரிகா என்னோடு பேசவில்லை.

எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டேன்.
ஜீப்பில் வந்து, தக்காளியோடு நின்று படமெடுத்து,
தக்காளியைத் தின்னாமல் போனவர்கள்தான் அதிகம்.
பக்கத்து வீட்டு கோல்
பெயர்ப்பலகைக்குப் பச்சைச் சாயம் அடித்ததோடு சரி;
அவன் அறைகளும் நிறைகின்றன.

ஆனாலும் எங்கள் கூரையில் இப்போது சூரியத் தகடு.
ஜெனரேட்டர் தார்ப்பாயின் கீழ்;
அதன்மேல் ஒரு கோழி அடைகாக்கிறது.
குப்பை மூட்டை வாரம் ஒருமுறை
என் முதுகிலேயே கீழே இறங்குகிறது.
பொய் சொன்னவன் நான்.
நம்பியவர்கள் வந்து
அதை என்னிடமிருந்து வசூலித்துவிட்டார்கள்.

இந்த மே மாதம் எல்வானா மறுபடி வந்தாள்.
வேலியோரம் வெறுமையாகக் கிடந்தது.
மிதிவண்டி எங்கே என்றாள் இவளும்.
நாலையும் விருந்தினர் ஓட்டிப் போயிருக்கிறார்கள்,
இருட்டித்தான் திரும்புவார்கள் என்றேன்.
வெளிச்சம் போய்விடுமே என்று வானத்தைப் பார்த்தாள்.
ப்ரெங்கிடம் கேட்டுப் பாருங்களேன்.

கேட்டேன். தந்தார்.
முன்சக்கரத்தில் இன்னும் காற்று இல்லை.