ஒரு பவுண்டு, மாதம் முதல் தேதி

கிரிம்ஸ்பியில், மீன் பொட்டலம் கட்டும் ஆலையில்
இரவு இரண்டரை மணி இடைவேளையில்
டைவா சொன்னாள்:
"வங்கி மாறினால் நூற்றெழுபத்தைந்து பவுண்டு தருகிறான், ஷெரில்.
சும்மா."
சும்மா என்று எதுவும் கிடையாதென
இரண்டு பிரசவமும் ஒரு விவாகரத்தும்
எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தன.
இருந்தாலும் காதைக் கொடுத்தேன்.

ஆயிரத்து ஐந்நூறு உள்ளே வர வேண்டும்.
அது என் பணமேதான்.
முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறி
அடுத்த பந்தியிலும் உட்காருகிற விருந்தாளி.
அப்புறம், இரண்டு டைரக்ட் டெபிட்.
என்னிடம் இருந்தவை கரண்டும் தண்ணீரும்.
அவற்றில் கைவைக்கப் பயம்.
ஒரு மாதம் நூல் அறுந்தால்
சிவப்பு எழுத்தில் கடிதம் வரும்.

ஆகவே புதிதாக ஒரு கணக்கு,
வெட்டுவதற்கென்றே வளர்க்கிற கிடா.
அதன் கழுத்தில் மாலையாக
இரண்டு சின்னஞ்சிறு டெபிட் வேண்டும்.

முதல் தடவை கோட்டைவிட்டேன்.
நான் போட்டது ஸ்டாண்டிங் ஆர்டர்.
அது நாம் தள்ளுவது.
டெபிட், அவர்கள் இழுப்பது.
காசு ஒன்றுதான்;
யார் கை நீளுகிறது என்பதே வங்கிக்குக் கணக்கு.
டைவா சிரித்ததில் அவள் தலைவலை கழன்று
டீயில் விழுந்தது.

இரண்டாம் தடவை தேடித் தேடிப் பிடித்தேன்.
மாதம் ஒரு பவுண்டுக்கு மேல் கேட்காதவர்கள் இரண்டே பேர்:
ஒரு சேமிப்புச் செயலி,
அப்புறம் லௌத் பக்கம் யாரோ ஒருவரின் தோட்டத்துக் கொட்டகையில் நடக்கிற
முள்ளெலி மருத்துவமனை.

இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிக்கிற வித்தை.
எட்டு மணி நேரம் இறாலை நிறுத்துப் பையில் அடைக்கிறவள் நான்,
சுறாவை அன்றுதான் பார்த்தேன்.
விடிகாலை, பஸ் நிறுத்தம், கையுறையைப் பல்லால் உருவிவிட்டு
திரையைத் தொட்டால்
நூற்றெழுபத்தைந்து.
கார் அந்த வருடச் சோதனையில் தேறியது.

அன்றைக்கே இரண்டு டெபிட்டையும் ரத்து செய்தேன்.
குற்ற உணர்ச்சியா? இல்லை.
ஒரு பவுண்டுக்கு எவ்வளவு வரும்!

மூன்று வருடம், ஐந்து வங்கி.
ஜோயலின் பல்லுக்குக் கம்பி, துணி துவைக்கும் இயந்திரம்,
ஒரு ஈஸ்டருக்கு ஸ்கெக்னெஸில் இரண்டு இரவு, மழை.
ஒவ்வொரு தடவையும் அதே செயலி, அதே முள்ளெலி.
படிவத்தில் என் பெயரை நான் அடிப்பதற்குள்
போனே அடித்துவிடுகிறது.

இந்த ஜனவரியில் ஒரு கார்டு வந்தது.
கையெழுத்து, நீல மை, கோணல் வரி.

"அன்புள்ள திருமதி மம்பி,
மறுபடியும் வந்ததற்கு நன்றி.
ஏப்ரல் வாக்கில் போய்விடுவீர்கள் என்று தெரியும்.
வங்கி விஷயம்தானே, என் மருமகளும் செய்கிறாள்.
பரவாயில்லை.
எங்களுக்குச் சந்தாதாரர்கள் பத்தொன்பது பேர்.
நீங்கள் வருகிற மாதங்களில் இருபது.
இருபது என்று எழுதப் பிடிக்கிறது.
இப்படிக்கு, ஐவர் ஸ்டெபிங்ஸ்.
பி.கு. தூக்கத்தில் எழுபது கிராம் இளைத்துவிட்டது ஒன்று,
எழுப்பித் தின்ன வைத்திருக்கிறோம். கடிக்கிறது."

நின்றபடியே படித்தேன், கோட்டைக் கழற்றாமல்.
என்னை எவனும் பார்க்கவில்லை என்று நினைத்த இடத்தில்
ஒரு கிழவர் மூன்று வருடமாகக் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.
முகம் சுட்டது.
கோபமா, வேறெதுவுமா, தெரியவில்லை.

ஏப்ரல் வந்தது. பணமும் வந்தது.
செயலியை ரத்து செய்தேன்.
மற்றதன் மேல் கட்டைவிரல் நின்றது,
கெட்டில் கொதித்து அடங்கும் வரை.

டைவாவிடம் சொல்லவில்லை.
நேற்று அவள் புதுச் செய்தி கொண்டுவந்தாள்:
இருநூறு பவுண்டு, மாத முடிவு வரைதான்,
ஆனால் இவன் மூன்று டெபிட் கேட்கிறான்.

ஒன்று இருக்கிறது என்றேன்.